கைத்தொலைபேசியின் மூலையில் தோன்றும் 3ஜி, எச், 4ஜி பிளஸ்: இவை எதைச் சொல்கின்றன?

ஒழுங்கைவாசி (வெள்ளவத்தை):

வணக்கம். காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில், தொடர்மாடிக் குடியிருப்பொன்றின் மூன்றாம் மாடியில் வசிக்கிறேன். முன்னறையில் இருக்கும்போது என் கைத்தொலைபேசி 4ஜி பிளஸ் என்று காட்டுகிறது. பின்பக்கச் சமையலறைக்குள் நுழைந்ததும் அது எச் என்றோ, சில வேளைகளில் வெறும் 3ஜி என்றோ மாறிவிடுகிறது. இது இயல்பு என்று விட்டுவிடலாம். ஆனால் இரவு ஏழு, எட்டு மணியளவில் முன்னறையில் 4ஜி பிளஸ் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே காணொளி நகராமல் நின்றுவிடுகிறது. அதே நேரத்தில் சமையலறையில் நின்று எடுக்கும் வட்ஸ்அப் அழைப்போ தடையின்றிப் போகிறது. அப்படியானால் இந்த எண்களுக்கு என்ன பொருள்? மகள் 5ஜி கைத்தொலைபேசி கேட்கிறாள். கொள்ளுப்பிட்டியில் விசாரித்த கடையில், 5ஜி என்றால் எங்கே இருந்தாலும் பத்து மடங்கு வேகம் என்றார்கள். விளக்கம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

அலைவரிசை:

நான் வலையமைப்புப் பராமரிப்புத் துறையில் வேலை செய்பவன். அந்தக் குறியீடு வேகத்தை அளந்து சொல்வதில்லை. உங்கள் கைத்தொலைபேசியும் அருகிலுள்ள கோபுரமும் அந்த நேரத்தில் எந்தத் தலைமுறைத் தொழில்நுட்பத்தில் இணைந்திருக்கின்றன என்பதை மட்டுமே அது சொல்கிறது.

முதல் தலைமுறை குரலை அனலொக் முறையில் அப்படியே அனுப்பியது. நம் இலங்கையில் 1989இல் செல்டெல் நிறுவனம் தொடங்கிய சேவை அந்த வகையைச் சேர்ந்தது. இரண்டாம் தலைமுறையில் குரல் இலக்கங்களாக மாறியது. 1995இல் டயலொக் நிறுவனம் ஜிஎஸ்எம் எனப்படும் அந்த வகைச் சேவையுடன் வந்தது. பின்னர் அந்த ஜிஎஸ்எம் மீதே ஜிபிஆர்எஸ், எட்ஜ் ஆகிய தரவு வசதிகளை ஏற்றி இணையத்தைக் கொடுத்தார்கள். திரையில் ஜி அல்லது ஈ என்று தோன்றினால் நீங்கள் அங்கே நிற்கிறீர்கள். குறுஞ்செய்திக்குப் போதும், படம் ஒன்றைத் திறப்பதற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். 2006இல் இங்கே 3ஜி வந்தது. தொடக்க கால 3ஜி நொடிக்கு 384 கிலோபிட் அளவில் நின்றது. எச்எஸ்பிஏ என்ற மேம்பாடு அதே 3ஜியை மெகாபிட் (ஆயிரம் கிலோபிட்) கணக்குக்கு உயர்த்தியது. எச், எச் பிளஸ் என்பவை அந்த மேம்பாட்டின் அடையாளங்களே. தரவு ஓடாதபோது 3ஜி என்றும், ஓடத் தொடங்கியதும் எச் என்றும் பல கைத்தொலைபேசிகள் மாற்றிக் காட்டும். எனவே உங்கள் சமையலறையில் மாறி மாறித் தெரிபவை இரண்டும் ஒரே வலையமைப்பாகவே இருக்கக்கூடும். எல்டிஇ எனப்படும் 4ஜி கைத்தொலைபேசிகளுக்கு 2013இல் வந்தது. 4ஜி பிளஸ் என்பது ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளை ஒன்றாகச் சேர்த்து இணைக்கும் வசதியைக் குறிக்கிறது.

இனி இரவு நேரச் சிக்கலுக்கு வருவோம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் எல்டிஇ அலைவரிசை, வழமையான இரண்டு அன்டெனா அமைப்பில், நொடிக்கு ஏறத்தாழ 150 மெகாபிட் வரை தரவல்லது. அந்த அளவு உங்களுக்கு மட்டும் உரியதன்று. கோபுரத்தின் அதே பக்கத்துடன் இணைந்திருக்கும் எல்லாக் கைத்தொலைபேசிகளும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மாலையில் அலுவலகங்களிலிருந்து திரும்பி வெள்ளவத்தையே வீட்டுக்குள் அமர்ந்து காணொளி பார்க்கும்போது ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு மிகவும் சுருங்கிவிடும். குறியீடு மாறாமல் அப்படியே நிற்கும். சமையலறையில் நடப்பது இதன் மறுபக்கம். கொங்கிரீட் சுவர்களைக் கடக்கும்போது 4ஜி சமிக்ஞை பலவீனமாகிவிடுவதால் கைத்தொலைபேசி 3ஜிக்கு இறங்குகிறது. பெரும்பாலான கைத்தொலைபேசிகள் 4ஜியிலேயே இருப்பதால் 3ஜிப் பக்கத்தில் நெரிசல் குறைவு. குரல் அழைப்புக்கோ நொடிக்குச் சில பத்துக் கிலோபிட்டுகளே போதும். அதனால்தான் எச் என்று காட்டும் இடத்தில் உங்கள் அழைப்பு நன்றாக இருக்கிறது.

சந்தேகம் இருந்தால், முன்னறையில் ஒரே நாற்காலியில் அமர்ந்து அதிகாலையிலும் இரவு எட்டு மணிக்கும் வேகத்தை அளந்து பாருங்கள். அத்துடன் அமைப்புகளில் சிம் நிலை என்ற பகுதியில் சமிக்ஞை வலிமை டிபிஎம் என்ற அலகில் இருக்கும். 4ஜியில் அது கழித்தல் 85 அளவில் இருந்தால் நன்று, கழித்தல் 115ஐத் தொட்டால் பலவீனம். வலிமை நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால் பெரும்பாலும் நெரிசலே காரணம்; அதற்குப் புதிய கைத்தொலைபேசி வாங்கிப் பயனில்லை.

நூலகத்து மேசை:

மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. இந்த எண்களைத் தூய தொழில்நுட்ப அடையாளங்கள் என்று நம்பிவிடக் கூடாது. இவற்றில் வணிகத்தின் கை நிறைய உண்டு. நான்காம் தலைமுறைக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் முதலில் வகுத்த இலக்கு, குறைந்த அசைவில் நொடிக்கு ஒரு கிகாபிட், வேகமாகப் பயணிக்கும்போது 100 மெகாபிட் என்பதாகும். முதலில் வந்த எல்டிஇ அதை எட்டவில்லை. இருந்தும் நிறுவனங்கள் அதை 4ஜி என்றே விற்றன. அமெரிக்காவில் எச் பிளஸ் வகை 3ஜியையும் 4ஜி என்றார்கள். 2010 டிசம்பரில் ஒன்றியமே இறங்கிவந்து, அந்தப் பெயரை இவற்றுக்கும் பயன்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டது. பிறகு 2019இல் அதே நாட்டில் ஏடி அண்ட் டி நிறுவனம், மேம்பட்ட 4ஜி இணைப்பில் இருந்த கைத்தொலைபேசிகளின் திரையில் 5ஜி ஈ என்று காட்டத் தொடங்கியது. எந்த எழுத்தைத் திரையில் காட்டுவது என்பதை நிறுவனமும் கைத்தொலைபேசி தயாரிப்பாளரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

ஒழுங்கைவாசி:

இருவருக்கும் நன்றி. இன்னொன்று. முன்னறையில் 4ஜி பிளஸ் இருக்கும்போது சாதாரண அழைப்பு வந்தால், பேசி முடிக்கும்வரை திரையில் 3ஜி என்று மாறிவிடுகிறது. மகளுக்கு என் இணையத்தைப் பகிர்ந்திருந்தால் அவளுடைய வகுப்பும் தடைப்படுகிறது. இதுவும் நெரிசல்தானா?

அலைவரிசை:

இல்லை, இது வேறு. 2ஜியிலும் 3ஜியிலும் குரலுக்கென்று தனி இணைப்பு ஒதுக்கப்படும். எல்டிஇ வெறும் தரவுக்காகவே வடிவமைக்கப்பட்டது, அதில் அந்தப் பழைய முறைக் குரல் இணைப்பே கிடையாது. ஆகவே அழைப்பு வரும்போது வலையமைப்பு உங்கள் கைத்தொலைபேசியை 3ஜிக்கோ 2ஜிக்கோ இறக்கி, பேசி முடிந்ததும் திரும்ப ஏற்றுகிறது. 2ஜிக்கு இறங்கினால் இணையம் பெரும்பாலும் நின்றே போகும். குரலையும் தரவாகவே அனுப்பும் வோஎல்டிஇ வசதி இருந்தால் இந்த இறக்கம் நிகழாது. அமைப்புகளில் அந்தப் பெயரிலோ 4ஜி அழைப்பு என்றோ ஒரு தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் வேலை செய்யாவிட்டால், உங்கள் கைத்தொலைபேசி மாதிரியை நிறுவனம் அதற்கு அனுமதித்திருக்கிறதா, சிம்மை மாற்ற வேண்டுமா என்று வாடிக்கையாளர் சேவையிடம் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் கைத்தொலைபேசிகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது.

இரவுப்பணி:

5ஜி பற்றிய கேள்விக்கு யாரும் நேரே பதில் சொல்லவில்லை. 5ஜிக்குப் பல நாடுகளில் அதிகம் பயன்படுவது 3.5 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைவரிசை. அகலம் அதிகம் என்பதால் வேகம் உண்மையிலேயே கூடும்; ஆனால் அது 4ஜியின் 1800 மெகாஹெர்ட்ஸைவிடச் சுவர்களில் அதிகமாகத் தேங்கிவிடும். உங்கள் சமையலறைக்கு அதனால் நன்மை எதுவும் வரப்போவதில்லை. அதோடு, பல நாடுகளில் 5ஜி முதலில் 4ஜி கோபுரத்தைத் துணையாகக் கொண்டே இயங்கியது. அத்தகைய அமைப்பில், தரவு 4ஜியில் ஓடிக்கொண்டிருந்தாலும், அருகில் 5ஜி உண்டு என்று கோபுரம் அறிவித்தால் சில கைத்தொலைபேசிகள் 5ஜி என்றே காட்டும்.

மகளின் கைத்தொலைபேசி பழுதாகி எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்றால் 5ஜி உள்ளதையே வாங்குங்கள். வாங்குமுன் பெட்டியில் உள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அது எந்தெந்த அலைவரிசைகளை ஏற்கும் என்பதையும் வோஎல்டிஇ உங்கள் சிம்மில் இயங்குமா என்பதையும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வகுப்புக்காக மட்டும் என்றால், வீட்டுக்கு ஒரு ஃபைபர் இணைப்பை எடுத்து, ரவுட்டரை முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் வையுங்கள்.