மனநல மருத்துவர் நான், 43 விண்ணப்பம் போட்டும் ஒரு நேர்காணல்கூட இல்லை

தக்கலைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். சைக்யாட்ரி எம்.டி. முடித்து நாகர்கோவிலில் நாலு வருடம் நோயாளிகளைப் பார்த்தவள் நான். இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. 43 விண்ணப்பம் போட்டுவிட்டேன். பாதிக்கு மேல் பதிலே வரவில்லை. கொண்டுவந்த பணம் அடுத்த மாத வாடகையோடு தீர்ந்துவிடும். "வேலை கிடைச்சாச்சா மக்களே" என்று அம்மா தினமும் போனில் கேட்கிறாள். நேற்று, கிடைத்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டேன். அதிலிருந்து தூக்கமில்லை. மனநல மருத்துவருக்கு வெளிநாட்டில் தட்டுப்பாடு என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? நான் எங்கே தப்பு செய்கிறேன்?

குளச்சல் அண்ணன், தம்மாம்:
பயப்படாதே மக்களே. டேட்டாஃப்ளோ என்கிற சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்ததா? அது முடியாமல் சவுதியில் ஒன்றும் நகராது. எம்.பி.பி.எஸ்., எம்.டி., அனுபவச் சான்று எல்லாவற்றையும், கொடுத்த இடத்துக்கே எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். பல்கலைக்கழகம் பதில் போடத் தாமதித்தால் ஊரிலிருந்து யாரையாவது நேரில் அனுப்பு. ப்ரோமெட்ரிக் என்கிற கணினித் தேர்வும் உண்டு. நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். 2009-ல் வந்தபோது ஏஜென்ட் சொன்ன சம்பளம் ஒன்று, கைக்கு வந்தது ஒன்று. ஆறு பேர் ஒரே அறையில். மூன்று மாதம் குப்பூஸ் ரொட்டியும் தயிரும்தான். கடற்கரையில் பிறந்தவன், மீன் வாங்கக் காசில்லாமல் இருந்தேன். இகாமா என்கிற குடியிருப்பு அட்டை கைக்கு வந்த அன்றுதான் தூங்கினேன்.

மார்த்தாண்டம் அக்கா, பெர்த்:
அண்ணே, அவள் சவுதி என்று எங்கே சொன்னாள்? தங்கச்சி, ஆஸ்திரேலியாவை யோசித்துப் பார். இங்குள்ள மனநல மருத்துவர் கல்லூரி உன் எம்.டி.யையும் அனுபவத்தையும் எடுத்துப் பார்த்து, இங்குள்ள பயிற்சிக்கு எவ்வளவு ஈடாகும் என்று சொல்லும். ஓரளவு ஈடு என்று வந்தால் மேற்பார்வையில் வேலை செய்துகொண்டே மீதியை முடிக்கலாம். சிட்னி, மெல்போர்ன் என்று ஆசைப்படக் கூடாது, அவ்வளவுதான். வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு, இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் 10 வருடக் கட்டுப்பாடு உண்டு. ஆள் குறைவான ஊர்களில்தான் பிழைப்பு. நான் முதல் வருடம் இருந்த ஊரில் மரச்சீனிக் கிழங்கு வாங்கவே நாலு மணி நேரம் கார் ஓட்டணும்.

வடசேரி, லீட்ஸ்:
பிரிட்டன் என்றால், வெளிநாட்டு டாக்டர்களுக்கான பொதுத் தேர்வான பிளாப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுங்கள். இரண்டே பகுதி. மனநல மருத்துவர்களுக்கான எம்.ஆர்.சி.சைக் தேர்வுகள் என்று இறங்கினால் வருடங்கள் போய்விடும்.

ஆசாரிப்பள்ளம் பேட்ச், பர்மிங்காம்:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எம்.டி. முடித்தவர் மறுபடி குழந்தை மருத்துவம், பிரசவம் எல்லாம் படித்து எதற்குப் பிளாப் எழுத வேண்டும்? எம்.ஆர்.சி.சைக் முடித்தாலே இங்குள்ள மருத்துவ கவுன்சிலான ஜி.எம்.சி.யின் பதிவு கிடைக்கும்.

வடசேரி, லீட்ஸ்:
உங்களுக்குக் கிடைத்த காலம் வேறு. இப்போது நிபுணர் பயிற்சியின் முதல் கட்டமான கோர் ட்ரெய்னிங் இடத்துக்குப் போட்டி எப்படி ஏறியிருக்கிறது தெரியுமா? எம்.எஸ்.ஆர்.ஏ. என்கிற தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே நிறையப் பேரைக் கழித்துவிடுகிறார்கள். வந்த புதிதில் வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். ஒரு குளிர்காலம் முழுக்க நண்பன் வீட்டு ஹாலில் படுத்தேன்.

மார்த்தாண்டம் அக்கா, பெர்த்:
ஊரில் மட்டும் மரியாதை இருக்கிறதா? நான் சைக்யாட்ரி எடுத்தபோது அப்பா ஒரு மாதம் பேசவில்லை. நம் பக்கம் மனநோய் என்றாலே திருவனந்தபுரம் ஊளம்பாறை மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். "ஊளம்பாறை டாக்டருக்கு எவன் பெண் கேட்டு வருவான்" என்றார் பெரியப்பா. இன்றைக்கு அதே பெரியப்பா தன் மகனுக்குத் தூக்கம் வரவில்லை என்று எனக்குத்தான் போன் செய்கிறார். மனநோய் வந்தவரை ஊருக்குத் தெரியாமல் மறைத்துக் கூட்டிப்போகிற பழக்கம் மாறவே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

இரணியல், கிளாஸ்கோ:
எல்லோரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை வாடகைக்குப் பணமில்லை என்கிறாள். தங்கச்சி, மூன்று விஷயம் சொல். எந்த நாடு? என்ன விசா? அங்கே மருத்துவப் பதிவு வாங்கியாச்சா?

தக்கலைக்காரி:
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். மான்செஸ்டர் பக்கம். என் கணவர் ஸ்டாஃப் நர்ஸ், நான் அவருடைய டிபென்டன்ட் விசாவில், அதாவது அவரைச் சார்ந்தவள் என்ற விசாவில், வந்தேன். ஜி.எம்.சி. பதிவு இல்லை. வேலை கிடைத்தபின் வாங்கலாம் என்று நினைத்தேன். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு ஓ.இ.டி.யில் நாலு பகுதியிலும் பி கிரேடு. எம்.ஆர்.சி.சைக் பேப்பர் ஏ, பி இரண்டும் ஊரிலேயே பாஸ் செய்துவிட்டேன்.

இரணியல், கிளாஸ்கோ:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா! உன் படிப்பில் ஒரு குறையும் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் ஜி.எம்.சி. பதிவு உண்டா என்று கேட்டிருப்பார்கள். இல்லை என்று போட்டதும் அது தனியாக ஒதுங்கிவிடும், உன் அனுபவத்தை யாரும் படித்தே இருக்க மாட்டார்கள். ஆகவே 44-வது விண்ணப்பம் வேண்டாம், முதலில் பதிவு.

உனக்குப் பாக்கி எம்.ஆர்.சி.சைக்கின் கடைசிச் செய்முறைத் தேர்வான காஸ்க் மட்டும்தான். அதற்கு 24 மாத மனநல மருத்துவ அனுபவம் கேட்பார்கள். எம்.டி.யும் நாலு வருட வேலையும் தாராளமாகப் போதும். நோயாளியாக நடிப்பவரோடு பேசிக்காட்டுவது போன்ற 16 நிலையங்கள், வருடத்துக்கு இரண்டே முறை. தேதி தள்ளிப்போனால் வடசேரி தம்பி சொன்ன பிளாப்பும் தப்பில்லை, பகுதி 2 உன் ஊரான மான்செஸ்டரிலேயே நடக்கிறது. ஆனாலும் நான் காஸ்க் பக்கம்தான். நாகர்கோவிலில் ஐந்து நிமிடத்தில் மருந்து எழுதிப் பழகிய கை நமக்கு. இங்கே நோயாளியின் பயத்தை முழுக்கக் கேட்டு, தற்கொலை எண்ணம் உண்டா என்று நிதானமாக விசாரிக்க வேண்டும். நான் முதல் முறை தோற்றது அதில்தான்.

இப்போதே செய்ய வேண்டியது, ஜி.எம்.சி. கேட்கும் எபிக் என்கிற சான்றிதழ் சரிபார்ப்பு. சான்றிதழ்களை இன்றே ஏற்றிவிடு, இழுத்துக்கொண்டே போகும். ஓ.இ.டி. இரண்டு வருடம்தான் செல்லும், தேதியைப் பார். நம் ஊர் மருத்துவ கவுன்சிலின் நன்னடத்தைச் சான்றை முன்கூட்டியே வாங்காதே, மூன்று மாதத்துக்கு மேல் பழசானால் எடுக்க மாட்டார்கள்.

பணத்துக்கு வழி இருக்கிறது. டிபென்டன்ட் விசாவில் யாருடைய ஸ்பான்சரும் இல்லாமல் வேலை பார்க்கலாம். மனநல வார்டுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் சப்போர்ட் வொர்க்கர் வேலை உண்டு; தேவைப்படும்போது மட்டும் கூப்பிடும் பேங்க் ஷிஃப்ட்டுக்குப் போடு. எம்.டி. முடித்துவிட்டு இதுவா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் 1983 மனநலச் சட்டத்தில் செக்‌ஷன் 2 என்றால் 28 நாள் வரை, செக்‌ஷன் 3 என்றால் ஆறு மாதம் வரை ஒருவரைக் கட்டாயமாக மருத்துவமனையில் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் வார்டில் கண்ணால் பார்த்தால் மறக்காது. அங்கே ஒரு கன்சல்டன்ட், அதாவது மூத்த நிபுணர், உன்னை அறிந்துவிட்டால் பின்னால் நற்சான்றுக்கும் அலைய வேண்டாம்.

பதிவு வந்ததும் கன்சல்டன்ட் வேலைக்குப் போடாமல், ட்ரஸ்ட் கிரேடு என்று மருத்துவமனைகளே நேரடியாக எடுக்கும் ஜூனியர் வேலைகளுக்குப் போடு. நம் எம்.டி.யை வைத்து நேராக ஸ்பெஷலிஸ்ட் பதிவு கொடுக்க மாட்டார்கள். அதற்கு, அனுபவ ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோ வழி தனியாக இருக்கிறது. அது பின்னால்.

ஆசாரிப்பள்ளம் பேட்ச், பர்மிங்காம்:
காஸ்க்குக்குச் சேர்ந்து பழக ஞாயிறு சாயங்காலம் நாங்கள் மூன்று பேர் வீடியோவில் கூடுகிறோம். நீங்களும் வாருங்கள். நாலாவது ஆள் இருந்தால் ஒருவர் நோயாளியாக நடிக்க வசதி.

தக்கலைக்காரி:
ஓ.இ.டி.க்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். எபிக் கணக்கு திறந்துவிட்டேன். எம்.டி. சான்றிதழில் அப்பா பெயர் இனிஷியலாக இருக்கிறது, பாஸ்போர்ட்டில் விரித்து இருக்கிறது. இதற்கு அஃபிடவிட் வேண்டுமா அண்ணே? ஞாயிறு வருகிறேன். அம்மாவிடம் இன்று ராத்திரி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

இரணியல், கிளாஸ்கோ:
எனக்கும் அதே பெயர்ச் சிக்கல் வந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரி கையெழுத்தோடு ஓர் அஃபிடவிட் தயாராக வைத்துக்கொள். எபிக்கில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடு.