பிரேக்கர் ஹோஸ் ஒரே இடத்தில் கிழியுது (பர்மா மோல்மேன், 20 டன் பேக்ஹோ)

பேக்ஹோ மோல்மேன்:
வணக்கம் அண்ணன்மாரே. வண்டி ஜப்பான் பழசு, 20 டன் கிளாஸ். வந்தப்போ வெறும் பக்கெட்தான் இருந்தது. பிரேக்கருக்கு (பக்கெட்டுக்குப் பதிலா மாட்டுற கல்லுடைக்கிற சுத்தியல்) எண்ணெய் போற லைன் இங்கே ஒரு பட்டறையில் இழுத்தாங்க. வண்டிக் கையான பூம், ஆர்ம் மேல ஸ்டீல் பைப், ஆர்ம் நுனியில் ரெண்டு ஸ்டாப் வால்வு, அங்கிருந்து பிரேக்கர் தலைக்கு ரெண்டு ஹோஸ். முடோன் பக்கம் கல்லுடைக்கிற வேலை.

இடது பக்கத்து பிரஷர் ஹோஸ் (எண்ணெய் பிரேக்கருக்குப் போறது) மட்டும் திரும்பத் திரும்பப் போகுது. எண்ணெய் திரும்பி வர்ற ரிட்டர்ன் ஹோஸுக்கு ஒண்ணும் ஆகல. கிழியுறது எப்பவும் பிரேக்கர் பக்கம், கிரிம்ப் (ஹோஸ் முனையில ஃபிட்டிங்கை நெரிச்சுப் பிடிக்கிற இடம்) முடிஞ்சு ரெண்டு விரல் தள்ளி. "சரக்கு மட்டம்"னு கடையில வேற பிராண்டு மாத்திக் குடுத்தாங்க, அதுவும் அதே இடத்துலதான் போச்சு. கரண்ட் வர்ற நேரம் பார்த்து கிரிம்ப் போட ஓடுறதே பாதி வேலையா இருக்கு. மழை பிடிக்கிறதுக்குள்ள ஆர்டர் முடியணும். ஹோஸை இன்னும் நீளமா போட்டா நிக்குமா? இன்னொண்ணு, ஆர்ம் பைப் நட்டுல கசிவு. டேப் சுத்தியும் நிக்கல.

பெகு பையன்:
ஒரு முழம் நீளமா போட்டு, டயர் ட்யூப் சுத்தி, கட்டுக்கம்பியால ஆர்மோட இறுக்கிக் கட்டுங்க. எங்க சைட்ல ரெண்டு வண்டி அப்படித்தான் ஓடுது.

ரங்கூன் பழைய ஃபிட்டர்:
பெகு தம்பி, கட்டுக்கம்பி வேண்டாம்ப்பா. கம்பி ரப்பர் தோலை அறுக்கும். அறுத்த இடத்தில் நம்ம ஊர் மழைத்தண்ணி இறங்கினால் உள்ளே இருக்கிற ஸ்டீல் வலை துருப்பிடிக்கும். வெளியே பார்க்க ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும், ஒரு நாள் மொத்தமாக வெடிக்கும். நீளம் கூடினால் தொங்கல் கல்லில் மாட்டும், பிரேக்கருக்கும் ஆர்முக்கும் நடுவில் நசுங்கும்.

மோல்மேன் தம்பி, மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. ஹோஸ் மேலே என்ன அச்சடித்திருக்கு? அந்த எழுத்து வரி நேராக ஓடுதா, சுத்திக்கிட்டுப் போகுதா? பிரேக்கரை முழுசா உள்ளே மடக்கினால், ஃபிட்டிங் எந்தப் பக்கம் பார்க்குது, ஹோஸ் எந்தப் பக்கம் போகுது?

பேக்ஹோ மோல்மேன்:
பார்த்தேன் அண்ணே. 1 இன்ச், 2எஸ்என், 165 பார்னு இருக்கு. எழுத்து வரி மேல ஆரம்பிச்சு கீழ அடிப்பக்கம் போய் முடியுது, அரைச்சுத்து இருக்கும். மடக்கினா ஃபிட்டிங் நேரா ஆர்மைப் பார்க்குது, ஹோஸ் அங்கேயே மடங்கி மேல ஏறுது.

ரங்கூன் பழைய ஃபிட்டர்:
அப்போ பிராண்டைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஹோஸ் எங்கே சாகுதுன்னு பார்த்தாலே காரணம் தெரிஞ்சிடும். நடுவில் தோல் தேய்ந்து போனால் உரசல். எப்பவும் கழுத்தில் போனால் வளைவும் முறுக்கும். உங்களுக்கு ரெண்டும் இருக்கு, மேலே பிரஷரும் சேர்ந்திருக்கு.

முதல்ல பிரஷர். உங்க கிளாஸ் பிரேக்கர் ஓடும்போது 160, 180 பார் நிக்கும். 1 இன்ச் 2எஸ்என் ரெண்டு வலை ஹோஸ், 165 பார்தான் அதுக்கு அளவு. வெடிக்கிற அளவு அதுக்கு நாலு மடங்கு என்பதால் உடனே போகாது. ஆனால் பிரேக்கர் நிமிஷத்துக்கு நானூறு, ஐந்நூறு தடவை அடிக்குது. ஒவ்வொரு அடிக்கும் ஹோஸுக்குள் ஒரு துடிப்பு. ரிட்டர்னில் அந்தப் பாடு இல்லை, அதான் அது பிழைச்சிருக்கு. பிரஷர் பக்கம் 4எஸ்பி போடுங்க, அது நாலு அடுக்குக் கம்பி ஹோஸ், 1 இன்ச்சுக்கு 280 பார்.

ஆனால் அதை மட்டும் மாத்திட்டு நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். 2எஸ்என் 300 மில்லி ஆரத்துக்கு வளையலாம், 4எஸ்பிக்கு 340 வேணும். முரட்டு ஹோஸ், அதே கழுத்தில் இன்னும் கடுமையாக மடங்கும். முக்கால் இன்ச் போட்டால் வளையுமேன்னு தோணும். நிமிஷத்துக்கு 150 லிட்டர் ஓடுற லைனுக்கு அது குறுகல், எண்ணெய் சூடாகும்.

அதனால் பிரேக்கர் முனையில் நேர் ஃபிட்டிங்கை எடுத்துட்டு 45 டிகிரி எல்போ (வளைஞ்ச ஃபிட்டிங்) வையுங்க, மடக்கும்போது ஹோஸ் போக விரும்புற பக்கமே ஃபிட்டிங்கும் பார்க்கட்டும். கிரிம்ப் முடிஞ்சதும் கொஞ்ச தூரம், ஹோஸ் தடிமன் போல ரெண்டு மடங்கு, நேராகப் போன பிறகுதான் வளைவு ஆரம்பிக்கணும். வளைவு முழுக்க பக்கெட் ஆடுற அதே தளத்தில் இருக்கணும், பிரேக்கரை ஆர்மில் மாட்டுற பின்னுக்கு (pin) எவ்வளவு ஒட்டிப் போகுதோ அவ்வளவு நல்லது. பக்கவாட்டில் சாய்ந்தால் ஒவ்வொரு மடக்கலுக்கும் ஹோஸ் முறுகும். 7 டிகிரி முறுக்கே ஆயுளில் 90 சதவீதத்தைத் தின்னுடும்னு ஹோஸ் கையேடுகளில் போட்டிருக்கும், உங்களுக்கு அரைச்சுத்து! நட்டை இறுக்கும்போது ஹோஸ் பக்கத்து அறுகோணத்தை இன்னொரு ஸ்பானரால் பிடிச்சுக்கணும். ஒரே ஸ்பானரில் இறுக்கினால் ஹோஸும் கூடவே சுத்தும்.

நீளத்தைக் கண்ணால் முடிவு பண்ணாதீங்க. பழைய ஹோஸ் துண்டை மாட்டாமல் கட்டிப் பார்த்து, முழு மடக்கு, முழு விரிப்பு, ஆர்ம் உள்ளே, வெளியே எல்லாம் மெதுவாக ஓட்டிப் பாருங்க. பிரஷர் ஏறினால் ஹோஸ் 4 சதவீதம் வரை சுருங்கும். ஒன்றரை மீட்டருக்கு 6 சென்டிமீட்டர். முழு விரிப்பிலும் அந்தத் தளர்வு மிச்சம் இருக்கணும். கிளாம்பு நேர்ப் பகுதியில் மட்டும், ரப்பர் வைச்சு. வளைவில் கிளாம்பே போடக் கூடாது. தேய்மானத்துக்கு நைலான் உறை போதும்.

தாட்டோன் ஆபரேட்டர்:
நட்டு கசிவுக்கு நான் சொல்றேன். ஜப்பான் பழைய வண்டியில் ஃபிளேர் கோன், அதாவது ஃபிட்டிங் ஒண்ணோடொண்ணு உட்கார்ற சாய்வு முகம், 30 டிகிரி. கோமட்சு பழசுன்னா மெட்ரிக் த்ரெட், வேற சிலதில் பிஎஸ்பிங்கிற பிரிட்டிஷ் த்ரெட். நம்ம கடைகளில் கையில் கிடைக்கிறது ஜேஐசிங்கிற அமெரிக்க அளவு, அது 37 டிகிரி, த்ரெட்டும் வேற. பக்கத்து அளவு நட்டு நாலு சுத்து ஏறிடும், கோன் உட்காராது. டேப் சுத்துறது வீண், அங்கே எண்ணெயை நிறுத்துறது த்ரெட் இல்லை, கோன்தான். பிஞ்ச டேப் துணுக்கு வால்வுக்குள் போனால் அது வேற தலைவலி. பழைய ஃபிட்டிங்கைக் கழட்டிக் கையில் எடுத்துட்டுப் போங்க.

பேக்ஹோ மோல்மேன்:
நட்டு கசிவு நீங்க சொன்னதேதான் அண்ணே, கோன் உள்ள ஒரு ஓரத்துல மட்டும்தான் தடம் விழுந்திருக்கு. இன்னொரு சின்ன கசிவு எங்கேன்னு தெரியல, வண்டி ஓடும்போது ஹோஸைத் தடவிப் பார்க்கலாம்னு இருக்கேன்.

ரங்கூன் பழைய ஃபிட்டர்:
தடவவே கூடாது! ஊசித்துளை வழியாக வர்ற எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போயிடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், வலிகூட முதல்ல இருக்காது. சில மணி நேரத்தில் ஆபரேஷன் செய்யலைன்னா விரலோ கையோ போகும். ஆஸ்பத்திரியில் "ஹைட்ராலிக் எண்ணெய் பிரஷரில் உள்ளே போயிருக்கு"ன்னு வாய்விட்டுச் சொல்லணும். கசிவு தேட நீளமான அட்டைத் துண்டைக் காட்டுங்க, ஈரம் படுற இடம்தான். கழட்டும் முன் இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆனில் வைச்சு, லீவர், பிரேக்கர் பெடல் எல்லாத்தையும் நாலைந்து தடவை அமுக்கி, டேங்க் மூடியைத் தளர்த்தி பிரஷரை விடுங்க.

பேக்ஹோ மோல்மேன்:
4எஸ்பி ஹோஸ், எல்போ, 30 டிகிரி ஃபிட்டிங் எல்லாம் ரங்கூன்ல சொல்லியாச்சு, பஸ்ல வருது. கிரிம்ப் அங்கேயே போட்டு அனுப்புறாங்க. ரெண்டு முனையிலும் எல்போ வைச்சா ஒண்ணுக்கொண்ணு எந்தக் கோணம்னு கேட்கிறாங்களே?

ரங்கூன் பழைய ஃபிட்டர்:
ஒரு முனை மட்டும் எல்போ, மறுமுனை நேர் ஃபிட்டிங். அப்படின்னா கோணமே சொல்ல வேண்டாம்.