சக்கர பேரிங் சத்தம்: உறுமலா, ரீங்காரமா, இரைச்சலா?

நண்பர்களுக்கு வணக்கம்,

நாம தொகுக்கற மின்கார் பழுதுபார்ப்பு தமிழ்ச் சொற்பட்டியல்ல 'சக்கரத் தாங்கி இரைச்சல்'னு போட்டிருக்கறதைப் பாத்தேன். தாங்கிங்கறது சக்கரம் லேசாச் சுத்தறதுக்காக ரெண்டு வளையத்துக்கு நடுவுல குண்டு வச்ச பாகம்; அது பாடப்புத்தகத்துல ரொம்ப நாளா இருக்கற சொல், பட்டறையில எல்லாரும் பேரிங்னுதான் சொல்றாங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா போதும், அதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எனக்கு இடிக்கறது 'இரைச்சல்'தான். கீழேருந்து வர்ற எல்லாச் சத்தத்துக்கும் இந்த ஒரே சொல்லைப் போட்டோம்னா படிக்கறவன் தப்பான பாகத்தைக் கழட்டிடுவான்.

பெட்ரோல் வண்டியில இன்ஜின் சத்தம் பாதியை அமுக்கிடும். மின்கார்ல அது இல்லாததால பேரிங் லேசா கெட ஆரம்பிச்சதுமே காதுல விழுது, உடனே மோட்டார் போச்சுன்னு பயந்துடறாங்க. அதனால சத்தத்தை மூணாப் பிரிக்கணும்னு சொல்றேன். பேரிங்லேருந்து வர்றது உறுமல், மோட்டார்லேருந்தும் கியர் பெட்டியிலேருந்தும் வர்றது ரீங்காரம், டயர்லேருந்து வர்றது மட்டும் இரைச்சல்.

இது காதுக்கு அழகா இருக்குன்னு சொல்லல, கணக்கு இருக்கு. டயர் சுற்றளவு 2 மீட்டர்னு வச்சுக்குங்க, 60 கி.மீ. வேகத்துல சக்கரம் விநாடிக்கு 8 சுத்துக்குக் கொஞ்சம் மேல சுத்தும். கியர் விகிதம் 9-க்கு 1னு எடுத்தா அதே நேரத்துல மோட்டார் 75 சுத்து சுத்தும். அதனால சக்கர பேரிங் கெட்டா அடிக்குரல்ல 'உர்ர்ர்'னு வரும், மோட்டார் பக்கம் கெட்டா மேல்குரல்ல 'ஙொய்ங்'னு வரும். பேர்லயே சுருதி இருந்தா கையேடு படிக்கறவனுக்குப் பாதி வேலை முடிஞ்சுது.

போன மடல்ல ஒருத்தர் 'ஓடும்போது நியூட்ரல் போட்டும் சத்தம் நிக்கலேன்னா அது சக்கர பேரிங்தான்'னு விளக்கத்துல சேக்கச் சொல்லியிருந்தார். அதை அப்படியே சேக்கக்கூடாதுங்க. பெரும்பாலான மின்கார்ல மோட்டாரைப் பிரிச்சுவிட கிளட்ச் கிடையாது, நியூட்ரல்லயும் சக்கரத்தோட சேந்து மோட்டார் சுத்திக்கிட்டேதான் இருக்கும். ஆக்சிலரேட்டரை அமுக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறுச்சுன்னா கியர் பல்லு மேல சந்தேகம் வைக்கலாம், அவ்வளவுதான் அந்தச் சோதனை சொல்லும். பேரிங்கைக் கண்டுபிடிக்கணும்னா வளைவுல சுமை மாறும்போது கேக்கணும். வலது பக்கம் திரும்பும்போது எடை இடது சக்கரத்து மேல சாயும், அப்ப உறுமல் கூடுச்சுன்னா பெரும்பாலும் இடது பேரிங். முன் டயரைப் பின்னாடி மாத்திப் போட்டதும் சத்தம் இடம் மாறுச்சுன்னா அது டயர் இரைச்சல், பேரிங்கைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது 'ஆட்டம்', அதாவது பேரிங் தளர்ந்து சக்கரம் அசையறது. இதுக்குப் பதிலா 'இயங்கு இடைவெளி'ன்னு ஒரு பரிந்துரை வந்திருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம். வண்டியைத் தூக்கி சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு அசைச்சுப் பாக்கறவங்க எல்லாரும் ஆட்டம் இருக்கா இல்லையான்னுதான் கேக்கறாங்க, நல்ல தமிழ்ச் சொல் வாயிலயே இருக்கும்போது புதுசு எதுக்கு? விளக்கத்துல ஒண்ணு மட்டும் கண்டிப்பா வரணும்: ஆட்டம் துளிகூட இல்லாமலே பேரிங் உறுமலாம். சக்கரத்தைக் கையால சுத்திவிட்டு இன்னொரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல வச்சா அந்த நறநறப்பு விரலுக்குத் தெரியும். (தூக்கறதுக்குன்னு குறிச்சிருக்கற இடத்துலதான் ஜாக்கி வைக்கணும், வண்டியோட தளத்துக்கு அடியில பூரா பேட்டரி இருக்கு.)

குழியில விழுந்த அடியில பேரிங் குண்டு, அது உருள்ற ஓடுபாதையில பதிஞ்சு பள்ளம் விழறதுக்கு ஆங்கிலத்துல ஸ்வீடன் பொறியாளர் பிரினெல் பேரை வச்சிருக்காங்க, 1900-ல கடினத்தன்மைச் சோதனை கொண்டுவந்தவர். நாம 'குண்டுத்தடம்'னு வைக்கலாம்னு நினைக்கறேன், சொன்னதுமே கண்ணுக்குத் தெரியுது. இது சாலையில மட்டும் வர்றதில்ல, பட்டறையிலயும் வரும். புது பேரிங்கை நக்கிள்ல (பேரிங் உக்கார்ற கூடு) ஏத்தும்போது வெளிவளையத்தை அழுத்தாம உள்வளையத்தை அழுத்துனா மொத்த விசையும் குண்டு வழியாப் போயி, மாட்டுன அன்னைக்கே புது பேரிங் உறுமும். 'வெளிவளையம்', 'உள்வளையம்' ரெண்டும் பட்டியல்ல இன்னும் இல்ல, சேத்துடுங்க. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்கற அமைப்பு) சென்சாருக்கான காந்தப் பட்டை சில பேரிங்ல ஒரு பக்க சீல்லயே இருக்கும், திருப்பி மாட்டுனா சென்சார் வேலை செய்யாது, அதனால 'காந்தப்பக்கம்'னும் ஒரு பதிவு வேணும்.

மோட்டார் பேரிங்க்குன்னே வர்ற நோய் ஒண்ணு இருக்கு. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏத்தபடி மாத்திக் கொடுக்கற இன்வெர்ட்டரால மோட்டார் தண்டுல மின்னழுத்தம் ஏறி, பேரிங் வழியாப் பொறி பறந்து, ஓடுபாதையில வரிவரியாத் தழும்பு விழும். இதுக்கு 'மின்வரி'ன்னு எழுதியிருந்தாங்க, வெறும் சொல்லாப் பாத்தா கரண்டுக்குக் கட்டற வரின்னுதான் யாரும் படிப்பாங்க. 'மின்தழும்பு' போடலாம். பீங்கான் குண்டு போட்ட பேரிங்கோ தண்டுக்கு எர்த் பிரஷ்ஷோ வைக்கறது இதைத் தடுக்கத்தான், அதையும் விளக்கத்துல எழுதுனா சொல் நிக்கும்.

எனக்கு இன்னும் திருப்தி வராதது ஆக்சில் நட்டை இறுக்கும்போது பேரிங்க்குள்ள உண்டாகற அந்த இறுக்கம். 'முன்சுமை'ன்னு இருக்கு, ஆனா அதைப் படிச்சா முன்சக்கரத்து மேல வர்ற எடைன்னு தோணுது. 'முன்னிறுக்கம்' பரவால்லன்னு படுது, அதுலயும் 'முன்பக்கம்'ங்கற குழப்பம் முழுசாப் போகல. டார்க் ரெஞ்ச் வச்சு கம்பெனி சொன்ன அளவுக்கு நட்டை இறுக்கறதுக்கு முன்னாடி சக்கரத்தைத் தரையில இறக்கக்கூடாதுன்னு சொல்றதே இந்த இறுக்கத்துக்காகத்தான், அதனால இந்தச் சொல் தெளிவா இருந்தே ஆகணும். பட்டறையில இதுக்கு வேற பேர் புழங்குதான்னு தெரிஞ்சவங்க எழுதுங்க, பட்டியலை மூடறதுக்கு முன்னாடி மாத்திடலாம்.