பழைய கட்டடத்துக்குப் பசுமைச் சான்று: 20 அறை லாட்ஜுக்கு இது கட்டுப்படியாகுமா?

வைகைக்கரை:
பைபாஸ் ரோட்டில் 15 வருசத்து லாட்ஜ் ஒன்று. 20 அறை, 700 சதுர மீட்டர், எல்லாம் ஸ்பிளிட் ஏசி, இணைப்புச் சுமை 82 கிலோவாட். ஏற்கெனவே இயங்கும் கட்டடங்களுக்கு ஐஜிபிசி (இந்தியப் பசுமைக் கட்டட கவுன்சில்) தருகிற பசுமைச் சான்றுக்குப் போகலாம் என்கிறார் ஆலோசகர். 300 படுக்கை ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் ஒரே அளவுகோல் சரிப்படுமா?

கூடல்மின்:
சரிப்படாதுண்ணே. மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பிஇஇ தருகிற நட்சத்திரத் தரம் 100 கிலோவாட்டுக்குக் கீழே திரும்பியே பார்க்காது. 2,500 சதுர மீட்டருக்கு உட்பட்டதற்கு ஸ்வகிரிஹான்னு ஒரு பசுமைச் சான்று இருக்கு, ஆனா அது புதுசாகக் கட்டுவதற்கு. மிச்சத்தில் முக்கியமானது ஐஜிபிசியும், லீட் என்கிற அமெரிக்கப் பசுமைச் சான்றும். ரெண்டுமே அறைக்குள்ள எவ்வளவு வெளிக்காற்று வருதுன்னு கணக்கு கேட்கும். ஆஸ்பத்திரியில் மைய ஏசியின் காற்று இயந்திரத்தில் (ஏஎச்யூ) வெளிக்காற்று வரும் டாம்பர் கதவைத் திறந்து அளவைக் காட்டிடலாம். ஸ்பிளிட் ஏசி அறைக்குள்ள இருக்கிற காற்றையே சுத்தி விடுது. 20 அறையிலும் சுவரைத் துளைத்து விசிறி வைத்தால் சித்திரை வெயிலும் சேர்ந்து உள்ளே வரும். அப்புறம் ஏசி கரண்டைக் குடிக்கும்.

தெப்பக்குளத்தான்:
சுவரை ஏன் துளைக்கணும்? பாத்ரூம் எக்ஸாஸ்ட் விசிறியை ஆள் தங்கும்போது ஓடவிட்டு, கதவடியில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டாலே வராந்தாக் காற்று உள்ளே வரும். வராந்தா ஜன்னல் திறந்திருக்கணும், அவ்வளவுதான். சான்றோட உண்மையான பலன் வேற இடத்தில. 12 மாத பில்லைக் கூட்டிப் பரப்பால் வகுக்கச் சொல்வாங்க. இந்த லாட்ஜில் வருசத்துக்கு 42,000 யூனிட், ஜெனரேட்டருக்கு 500 லிட்டர் டீசல் என்று வைப்போம். லிட்டருக்கு 3.2 யூனிட் என்றால் அது 1,600. மொத்தம் 43,600, சதுர மீட்டருக்கு 62 யூனிட். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற லாட்ஜ் எத்தனை?

கூடல்மின்:
அந்த 62-தான் ஏமாத்து. அறை காலியாகக் கிடந்தாலும் எண் அழகாகத் தெரியும். 45 சதவீதம் நிரம்பினால் வருசத்துக்கு 3,285 அறை-இரவு (ஓர் அறை ஓர் இரவு நிரம்பினால் ஒன்று). ஒன்றுக்கு 13 யூனிட்டுக்கு மேல போகுது. லிஃப்ட், வராந்தா விளக்கு, மோட்டார் எல்லாம் ஆள் இல்லாவிட்டாலும் ஓடுது பாருங்க. நல்லா நிரம்புற லாட்ஜ் பரப்புக் கணக்கில் தோற்றுப்போகும். ஆஸ்பத்திரியில் இந்தக் கோளாறு குறைவு, 24 மணி நேரமும் சுமை ஏறத்தாழ ஒண்ணுபோல.

தெப்பக்குளத்தான்:
அதுக்குத்தான் அறை-இரவுக் கணக்கையும் பக்கத்தில வைக்கணும்னு சொல்றேன். பரப்பு எண்ணைத் தூக்கிப்போடச் சொல்லலை.

ஆனையூர் பிளம்பர்:
கரண்டுக்காவது பில் இருக்கு. தண்ணிக்கு? போர்வெல், லாரி, மாநகராட்சி மூணும் ஒரே சம்ப்பில் (தரையடித் தொட்டியில்) விழுது. மூணுக்கும் தனித்தனி மீட்டர் வேணும். போர் மீட்டருக்கு முன்னாடி மணல் வடிகட்டியும், குழாய் விட்டத்தில் 10 மடங்கு நேரான நீளமும் விடுங்க. வளைவை ஒட்டி மாட்டினால் தப்பாக் காட்டும். ஏப்ரல், மே மாதம் போர் காற்றடிக்கும்போது மீட்டர் காற்றுக்கும் சுத்தும். வராத தண்ணியை வந்ததா எழுதிடுவீங்க. மீட்டருக்கு முன்னாடி ஒரு ஏர் வால்வு வச்சா அது நிக்கும். லாட்ஜுக்கு நியமம் படுக்கைக்கு 180 லிட்டர், 100 படுக்கைக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிக்கு 450. ரெண்டையும் ஒரே தராசில் போடக் கூடாதுங்கிறது சரிதான்.

வைகைக்கரை:
அப்படின்னா கழிவுநீர் மறுசுழற்சிக்கு 5,000 லிட்டர் எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) போடலாமா?

ஆனையூர் பிளம்பர்:
போடாதீங்க. செவ்வாய்க்கிழமை 4 அறை, முகூர்த்த நாளில் 20 அறை. பட்டினி கிடந்தா கழிவைத் தின்கிற கிருமி செத்துப்போகும், மறுநாள் வெள்ளமா வந்தா கலங்கித் தள்ளும். அதுவரைக்கும் காற்று ஊதுற பிளோயர் சும்மா ஓடி கரண்டைத் தின்னும். வாஷ்பேசின் குழாய்க்குக் காற்றைக் கலந்து தண்ணியைக் குறைக்கிற ஏரேட்டர் மாட்டுங்க, நிமிசத்துக்கு 8 லிட்டர் 3-க்கு இறங்கும். ஷவருக்கும் அளவுக் கட்டுப்பாடு வையுங்க. நம்மூர் உப்புத் தண்ணிக்கு ஏரேட்டர் வலையை மாசம் ஒருதடவை வினிகரில் ஊறவைக்கணும், இல்லாட்டி விருந்தாளி கழற்றிப் போட்டுடுவார்.

கூடல்மின்:
இதெல்லாம் சான்று இல்லாமலே செய்யலாமே. கட்டணம், ஆலோசகர், 3 வருசத்தில் மறுசான்று... சுமை 10 மடங்கு இருக்கிற ஆஸ்பத்திரியில் அந்தச் செலவு மிச்சமாகிற யூனிட்டில் கரைந்துபோகும். இங்க ஒவ்வொரு அறைத் தலையிலும் விழும்.

தெப்பக்குளத்தான்:
ஆடிட்டர் வருவார்னு பயம் இல்லாட்டி ஆறாம் மாதம் மீட்டர் படிக்கிறவரே காணாமப் போவார். சான்றை விடுங்க, ஆர்-22 கேஸ் போட்ட பழைய ஏசி யூனிட்டு எத்தனைன்னு எண்ணினீங்களா? 2030-க்குள்ள அந்த கேஸ் தயாரிப்பு ஏறத்தாழ நிறுத்தப்படுது. கம்ப்ரஸர் போனதை மாற்றும்போது ஆர்-32 கேஸ் ஏசி புதுசா வாங்குங்க. பழைய யூனிட்டில் ஆர்-32 கேஸை நிரப்பித் தர்றேன்னு மெக்கானிக் சொன்னால் ஒத்துக்காதீங்க; அழுத்தம் வேற, தீப்பிடிக்கிற குணமும் உண்டு.