எங்கள் நீச்சல் கிளப்பின் செய்தி மடலில் எதைச் சாதனை என்று எழுதுவது? பதக்கம் மட்டும்தானா?

ஐந்தாவது லேன் (கேள்வி)

எங்கள் நீச்சல் கிளப்பில் மாதம் ஒருமுறை உறுப்பினர்களுக்கு ஒரு செய்தி மடல் போகும். இத்தனை நாள் அதை எழுதியவர் இனி முடியாது என்று சொல்லிவிட்டதால் அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. சமீபத்தில் நடந்த கிளப்புகளுக்கிடையிலான போட்டியின் ரிசல்ட் தாள் கையில் இருக்கிறது, அதிலிருந்து எதை எடுத்து எழுதுவது என்றுதான் தெரியவில்லை. பழைய மடல்களைப் பார்த்தால் பதக்கம் வாங்கியவர் பெயர், தங்கமா வெள்ளியா, வாழ்த்துகள், முடிந்தது. எங்களில் பாதிப் பேர் வேலை முடிந்து வந்து நீந்துகிறவர்கள், அந்தக் கணக்கில் அவர்கள் பெயர் ஆயுசுக்கும் வராது.

இந்த முறை நடந்ததைச் சொல்கிறேன். பள்ளி மாணவி ஒருத்தி 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் தன் பழைய டைமிங்கிலிருந்து பல நொடி குறைத்திருக்கிறாள், ஆனால் அவள் ஹீட்டில் (ஒன்றாகச் சேர்ந்து நீந்திய குழுவில்) அவள்தான் கடைசி. எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம், ஆனால் அந்த வயதுப் பிரிவில் நீந்தியதே அவர் ஒருவர்தான். ஒரு பையன் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் கிளப் ரெக்கார்டை முறியடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள், ஆனால் பழைய ரெக்கார்டு 50 மீட்டர் குளத்தில் வைத்தது, இது 25 மீட்டர் குளம். ரிலேயில் கடைசியாக நீந்தியவர் தன் ஸ்பிளிட் டைமிங்கை (ரிலேயில் தன் பங்குக்கு மட்டும் எடுத்த நேரத்தை) தன்னுடைய பெஸ்ட் என்று போடச் சொல்லி விடாமல் கேட்கிறார். பெண்கள் மெட்லி ரிலே (நான்கு பேரும் ஆளுக்கொரு ஸ்ட்ரோக் நீந்துவது) அணி இரண்டாவதாக வந்தும் தகுதி நீக்கம் ஆகிவிட்டது, அதை எழுதுவதா விடுவதா என்று கிளப்புக்குள்ளேயே இரண்டு கட்சி.

இதில் எது சாதனை, எது வெறும் செய்தி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய டைமர்

குளத்தின் நீளத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், கிளப்புகளில் பாதிச் சண்டை இதில்தான் வருகிறது. 100 மீட்டருக்கு 50 மீட்டர் குளத்தில் ஒரே ஒரு டர்ன் (சுவரைத் தொட்டுத் திரும்புவது), 25 மீட்டர் குளத்தில் மூன்று. 1500 மீட்டருக்குப் போனால் 29 எங்கே, 59 எங்கே! சுவரை உதைத்துக் கிளம்பும்போது இருக்கிற வேகம் கையை வீசி நீந்தும்போது யாருக்கும் வராது, அதனால் சின்னக் குளத்தில் டைமிங் தானாகவே குறையும். மேல்மட்டத்திலும் இதே கதைதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 46.40 நொடியில் உலக சாதனை வைத்தார், அது 50 மீட்டர் குளம். அதற்கு மூன்று வருடம் முன்பே, 2021-இல், 25 மீட்டர் குளத்தில் கைல் சால்மர்ஸ் 44.84 நொடியில் நீந்தியிருக்கிறார். சால்மர்ஸ்தான் வேகமானவர் என்று யாரும் வாதாடப் போவதில்லை. சர்வதேச நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாடிக்ஸ் இரண்டு குளத்துக்கும் தனித்தனியாகத்தான் சாதனைப் பட்டியல் வைத்திருக்கிறது, நீங்களும் அப்படியே இரண்டு பட்டியல் போடுங்கள். அந்தப் பையனுடையது 25 மீட்டர் ரெக்கார்டு, பழையது 50 மீட்டர் ரெக்கார்டு, இரண்டு பேரும் பட்டியலில் இருக்கலாம், யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம்.

இத்தனை நொடி கூட்டு, இத்தனை கழி என்று மாற்றிக் காட்டுகிற அட்டவணைகள் இணையத்தில் நிறைய கிடைக்கும். ஒரு குத்துமதிப்புக்குப் பரவாயில்லை, ரெக்கார்டு பட்டியலுக்கு வேண்டவே வேண்டாம். டர்ன் நன்றாகப் போடுகிறவருக்குச் சின்னக் குளத்தில் கிடைக்கும் லாபம் டர்னில் திணறுகிறவருக்குக் கிடைக்காது, எல்லாருக்கும் ஒரே எண்ணைக் கழித்தால் அது எப்படிச் சரியாக வரும்?

ரிலே ஸ்பிளிட் விஷயத்துக்கு வருவோம். முதலில் நீந்துகிறவர் மட்டும்தான் துப்பாக்கிச் சத்தமோ பீப் சத்தமோ கேட்டபிறகு கிளம்புகிறார், அதனால் அவருடைய நேரம் தனிப்போட்டி நேரத்துக்குச் சமம், அதைக் கணக்கில் எடுக்கலாம். மற்ற மூவரும் முன்னால் வருகிறவர் சுவரைத் தொடுவதைப் பார்த்து, உடம்பை முன்கூட்டியே அசைத்துக்கொண்டு பாய்கிறார்கள். அரை நொடி அதிலேயே மிச்சம். உங்கள் கடைசி ஆள் கோபித்துக்கொண்டால் 'ரிலே ஸ்பிளிட்' என்று குறிப்பிட்டு அவர் நேரத்தைப் போடுங்கள், ஆனால் பெஸ்ட் டைமிங் என்று போடாதீர்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான கேள்வி. அந்தப் போட்டியில் டச் பேட் (சுவரில் கை பட்டதும் தானாக நேரம் பதிகிற பலகை) இருந்ததா, ஸ்டாப்வாட்ச்சா? அதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். கையால் அழுத்தும்போது தொடக்கச் சத்தத்துக்கு நம் விரல் கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும், கடைசியில் சுவரைத் தொடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வருவதால் சரியாக அழுத்திவிடுவோம், அதனால் பெரும்பாலும் நீச்சல்காரருக்குச் சாதகமான நேரம்தான் வரும். லேனுக்கு மூன்று வாட்ச் இருந்து, இரண்டு ஒத்துப்போனால் அந்த நேரம், மூன்றும் வேறு வேறாக இருந்தால் நடுவில் உள்ளது.

1960 ரோம் ஒலிம்பிக் கதை தெரியும்தானே? 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் லான்ஸ் லார்சனுக்கு மூன்று வாட்ச்களும் 55.0, 55.1, 55.1 காட்டின, ஜான் டெவிட்டுக்கு மூன்றிலும் 55.2. தங்கம் டெவிட்டுக்கு! கண்ணால் பார்த்த நடுவர்களின் முடிவுதான் செல்லும் என்று சொல்லி லார்சனுடைய நேரத்தையும் 55.2 என்று எழுதிவிட்டார்கள். மின்னணு நேரக் கணக்கு வருவதற்கு அந்தத் தகராறும் ஒரு காரணம்.

இரண்டாம் மூச்சு

அந்தப் பெரியவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், நானும் மாஸ்டர்ஸில், அதாவது பெரியவர்களுக்கு வயதுவாரியாக நடக்கிற போட்டிகளில், நீந்துகிறவள்.

தனியாக நீந்தித் தங்கம் வாங்கினார் என்று சிரிப்பவர்களை ஒரு நாள் 200 மீட்டர் நிற்காமல் நீந்தச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம். மாஸ்டர்ஸ் என்பது 25 வயதில் ஆரம்பித்து ஐந்தைந்து வருடமாகப் பிரிக்கப்பட்டது, 25-29, 30-34 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். மேலே போகப் போக ஆள் குறைவது இயற்கை, அது அவர் தப்பு இல்லை. வயதை அந்த வருடம் டிசம்பர் 31 அன்று என்ன என்று பார்ப்பார்கள், அதனால் டிசம்பரில் பிறந்தவர்கள் ஜனவரியிலேயே அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார்கள். வயது கூடுவதைக் கொண்டாடுகிற ஒரே கூட்டம் நாங்கள்தான், புதுப் பிரிவில் இளசு நாம்தானே.

எழுதும்போது "தங்கம்" என்பதோடு நிறுத்தாதீர்கள். அவருடைய நேரம் என்ன, போன வருடம் என்ன, இதைத்தான் நான் படிக்க விரும்புவேன். அந்த வயதில் போன வருட நேரத்தையே திரும்ப எடுத்தாலும் அது முன்னேற்றம்தான், உடம்பு பின்னால் இழுக்கிறது, அவர் விடாமல் அங்கேயே நிற்கிறார். ஒரே ஒரு போட்டியாளர்தான் என்பதை மறைக்கவும் வேண்டாம், சும்மா ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போங்கள். மறைத்தால்தான் கேலி வரும்.

இன்னொன்று. மாஸ்டர்ஸில் பிளாக்கில் (குளத்தின் ஓரத்தில் இருக்கிற மேடையில்) ஏறிக் குதிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, தண்ணீருக்குள் நின்றுகொண்டும் கிளம்பலாம். பட்டர்ஃப்ளையில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதையும் அனுமதி. தெரியாதவர்கள் பார்த்துவிட்டு "ஏமாற்று" என்பார்கள். மடலில் இந்த மாதிரி விஷயங்களைப் போட்டால் கரையில் உட்கார்ந்து பயப்படுகிற ஐம்பது வயதுக்காரர்கள் நாலு பேர் பெயர் கொடுப்பார்கள்.

கட்டாரி

எல்லாரும் கோபித்துக்கொள்ளப் போகிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். எல்லாருடைய பெஸ்ட் டைமிங்கும் போட்டால் அது செய்தி மடல் இல்லை, டெலிபோன் டைரக்டரி. யார் படிப்பார்கள்? கிளப்புக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு, குளம் கொடுக்கிறவர்களுக்கு, பணம் கொடுக்கிறவர்களுக்குப் புரிவது பதக்கம் மட்டும்தான். பதக்கத்தை மேலே பெரிதாகப் போடுங்கள், மீதியைக் கீழே ஒரு அட்டவணையில் போடுங்கள். அந்தப் பையன் ரெக்கார்டு தலைப்பில் வரட்டும்.

இரண்டாம் மூச்சு

@கட்டாரி, மடல் உறுப்பினர்களுக்குத்தான் போகிறது என்று கேள்வியிலேயே இருக்கிறதே. பணம் கொடுக்கிறவர்களுக்கு வேண்டுமானால் தனியாக ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும். அட்டவணை என்ற யோசனை நல்லதுதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்தாவது லேன்

நன்றி. டச் பேட் இல்லை, ஸ்டாப்வாட்ச்தான், அதையும் எழுதிவிடுகிறேன். அந்தத் தகுதி நீக்கம் பற்றி யாராவது சொல்லுங்களேன். ஓரத்தில் நின்ற நடுவர் கை தூக்கினார், காரணம் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் டர்ன் என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பெண் அன்றைக்கு முழுவதும் அழுதுகொண்டிருந்தாள்.

குளக்கரை நடுவர்

பிரெஸ்ட் ஸ்ட்ரோக் டர்ன் என்றால் அநேகமாக இரண்டு விஷயங்களில் ஒன்று. ஒன்று, இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டிருக்காது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கும் பட்டர்ஃப்ளைக்கும் இது கட்டாயம், டர்னிலும் சரி, முடிக்கும்போதும் சரி. இரண்டு கையும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரே நேரத்தில் பட வேண்டும், இரண்டும் பிரிந்து இருக்க வேண்டும். களைத்துப்போய் வருகிறவர்கள் ஒரு கையை முன்னால் விட்டுவிடுவார்கள். இரண்டாவது, சுவரை விட்டுக் கிளம்பிய பிறகு தண்ணீருக்கு அடியில் நடப்பது: கையைக் கால் வரை ஒரே ஒரு முறை இழுக்கலாம், பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதைக்கு முன்னால் ஒரே ஒரு பட்டர்ஃப்ளை உதை போடலாம். இரண்டு போட்டால் போயிற்று. சின்னப் பிள்ளைகள் இதில் நிறைய மாட்டுவார்கள்.

ரிலேயில் இன்னொரு ஆபத்து, முன்னால் வருகிறவர் சுவரைத் தொடுவதற்குள் அடுத்தவர் கால் பிளாக்கை விட்டுப் போய்விடுவது. ஒருவர் செய்தாலும் நான்கு பேருக்கும் சேர்த்துத்தான் தகுதி நீக்கம், இதுதான் ரிலேயின் கொடுமை.

எழுதலாமா என்றால், எழுதுங்கள், ஆனால் அணியின் பெயரில். "மெட்லி ரிலே அணி இரண்டாவதாகத் தொட்டது, ஒரு டர்ன் விதிமீறலால் தகுதி நீக்கம் செய்யப்பட்டது" என்று ஒரே வாக்கியம் போதும். எந்தக் கட்டத்தில், யார் என்பது எதற்கு? மெட்லி ரிலேயில் முதலில் பேக் ஸ்ட்ரோக், அப்புறம் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை, ஃப்ரீஸ்டைல் என்று வரிசை எல்லாருக்கும் தெரியும், "பிரெஸ்ட் ஸ்ட்ரோக் டர்ன்" என்று எழுதினாலே பெயர் எழுதின மாதிரிதான், அதனால் அந்த வார்த்தையையும் தவிர்த்துவிடுங்கள். ஆனால் பேக் ஸ்ட்ரோக்கில் முதலில் நீந்தியவருடைய நேரத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். அவர் தன் பங்கை முடித்த பிறகு நடந்த தவறு அவருடைய நேரத்தைப் பாதிக்காது என்றுதான் விதி. ரெக்கார்டு ஆகியிருந்தால் விட்டுவிடாதீர்கள்.

சின்ன வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் முழுப் பெயர், பள்ளி, படம் எல்லாம் போடும் முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஹீட் ஷீட்

வெவ்வேறு போட்டிகளில் நீந்தியவர்களை ஒப்பிட வேண்டுமென்றால் வேர்ல்ட் அக்வாடிக்ஸ் புள்ளிகள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தந்தப் போட்டிக்கு ஒரு அடிப்படை நேரம் வைத்திருப்பார்கள், வழக்கமாக உலக சாதனை நேரம். அதை உங்கள் நேரத்தால் வகுத்து, வந்த எண்ணை மும்மடி ஆக்கி (அதாவது அதே எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கி), 1000-ஆல் பெருக்க வேண்டும். அடிப்படை நேரத்திலேயே நீந்தினால் 1000 புள்ளி. அதைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் 125. ஒன்றேகால் மடங்கு என்றால் 512. 25 மீட்டர், 50 மீட்டர் இரண்டுக்கும் அடிப்படை நேரம் வேறு வேறு, அதனால் குளப் பிரச்சினையும் ஓரளவு தீரும்.

மும்மடி என்பதால் மெதுவாக நீந்துகிறவர்களுக்கு எண்கள் ரொம்பக் குறைவாகத் தெரியும், ஒரு மாதிரி மனசு உடையும். அந்தப் பெரியவருக்கு இதைப் போடாதீர்கள், இளைஞர்களின் உலக சாதனையோடு அவரை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. நூறு பிரெஸ்ட் ஸ்ட்ரோக் மாணவிக்குப் பழைய புள்ளி, புதுப் புள்ளி இரண்டையும் போட்டுப் பாருங்கள். கடைசியாக வந்தவள்தான் அன்றைக்கு உங்கள் கிளப்பில் அதிகமாக முன்னேறியவள் என்று வரலாம். வந்தால் தலைப்பே அதுதான், கட்டாரி மன்னிக்கவும்.

கட்டாரி

அப்படி வந்தால் நானே தலைப்பு எழுதித் தருகிறேன்.

பழைய டைமர்

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. இரண்டு பேர் நூறில் ஒரு பங்கு வரை ஒரே நேரம் எடுத்திருந்தால் சமம் என்றே போடுங்கள், யார் முன்னால் என்று கேட்டுக்கொண்டு அலையாதீர்கள். 1972 மியூனிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் குன்னர் லார்சன், டிம் மெக்கீ இரண்டு பேரும் 4:31.98, ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் லார்சனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் ஒருவர் நகரும் தூரம் சில மில்லிமீட்டர், குளம் கட்டும்போது லேனுக்கு லேன் அதைவிட அதிகமாக வித்தியாசம் வரும். அதற்குப் பிறகு நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் ஃபெல்ப்ஸ், லே க்ளோஸ், செஹ் மூன்று பேரும் 51.14, மூன்று பேருக்கும் வெள்ளி. உங்களுக்கோ ஸ்டாப்வாட்ச், சமம் என்று வந்தால் தயங்காமல் போடுங்கள்.

ஐந்தாவது லேன்

ரிசல்ட் தாளில் 50 மீட்டர் பேக் ஸ்ட்ரோக்கில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள், இப்போதுதான் கவனித்தேன். அக்காவும் தம்பியும். சமம் என்று போட்டால் வீட்டில் சண்டை நிற்குமா என்று தெரியவில்லை, போடுகிறேன். பழைய ரெக்கார்டுகளில் எது எந்தக் குளம் என்று யாரும் குறித்து வைக்கவில்லை, மூத்த உறுப்பினர்களைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.