எக்ஸ்ட்ரா கேர் வீட்டில் பராமரிப்பு நிறுவனம் மாறப்போகிறது: எதைக் கேட்க வேண்டும்?

வட லண்டன் மகள்:

வணக்கம். அம்மா பக்கவாதம் வந்த பிறகு லண்டனில் முதியவர்களுக்கான எக்ஸ்ட்ரா கேர் குடியிருப்பில் தனி ஃபிளாட்டில் இருக்கிறார். கட்டடம் ஒரு வீடமைப்புச் சங்கத்துக்குச் சொந்தம். காலையில் குளிப்பாட்டி மருந்து கொடுக்கவும் இரவில் படுக்க வைக்கவும் வருகிறவர்கள் கவுன்சில் அமர்த்திய தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துப் பெண். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு ஆங்கிலம் வாயில் வருவதில்லை. அந்தப் பிள்ளை வரும் நாட்களில்தான் தனக்கு எங்கே வலிக்கிறது என்றே சொல்கிறார்.

இப்போது கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒப்பந்தம் முடிகிறதாம், புதிய டெண்டர் விடப்போகிறார்களாம், அதற்கு முன் குடியிருப்போர் கூட்டம் நடக்குமாம். வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று அம்மா பயந்துபோயிருக்கிறார். அந்தப் பிள்ளையும் போய்விடுவாரா? கூட்டத்தில் நான் என்ன கேட்க வேண்டும்?

முன்னாள் ஒப்பந்த அலுவலர்:

சகோதரி, வீடு போகாது என்று அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தம் அவருக்கும் வீடமைப்புச் சங்கத்துக்கும் இடையிலானது. பராமரிப்பு ஒப்பந்தம் கவுன்சிலுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலானது. ஒன்று முடிவதால் மற்றது அசையாது.

நான் வேறொரு கவுன்சிலில் இந்த வேலைதான் பார்த்தேன். பெரும்பாலும் இரண்டு பகுதியாக வாங்குவோம். ஒன்று, இரவும் பகலும் கட்டடத்தில் ஆள் இருப்பதற்கான நிலையான மணிநேரம். யாராவது விழுந்தால், மணி அடித்தால் ஓடிவர. மற்றது, ஒவ்வொருவரின் பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருக்கும் மணிநேரம். டெண்டரில் விலைக்கும் தரத்துக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. விலைக்கு எத்தனை பங்கு என்று கூட்டத்தில் கட்டாயம் கேளுங்கள். மணிநேர விலையைக் கசக்கினால் அது ஊழியரின் சம்பளத்தில்தான் போய் முடியும். நல்லவர்கள் விலகுவார்கள், நாளுக்கொரு புதுமுகம் அம்மாவின் குளியலறையில் நிற்கும். இதை நான் கண்ணால் பார்த்தவன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இரவில் இருப்பவர் விழித்திருப்பவரா, படுத்துறங்கி மணி அடித்தால் எழுந்து வருபவரா என்பதையும் கேளுங்கள். செலவைக் குறைக்க முதலில் கைவைக்கும் இடம் அதுதான்.

டெண்டர் இன்னும் வெளியாகாததால் நீங்கள் சொல்வதற்கு இப்போது மதிப்பு இருக்கிறது. தமிழ் பேசும் ஊழியர் தேவை என்பதை நிபந்தனைகளில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் கீழ், பாகுபாட்டைத் தவிர்ப்பதையும் சம வாய்ப்பையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கவுன்சிலுக்குள்ள கடமையைக் குறிப்பிடுங்கள். அதைவிட முக்கியம், அம்மாவின் பராமரிப்புத் திட்டத்தை மறுபரிசீலனை செய்யக் கோருங்கள். 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. பக்கவாதத்தால் ஆங்கிலம் போய்விட்டது, வலியைத் தமிழில்தான் சொல்வார் என்பது திட்டத்தில் இருந்தால் புதிய நிறுவனம் அதை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

அந்த ஊழியர் பெரும்பாலும் அங்கேயே தொடரலாம். வேலை வேறு நிறுவனத்துக்குக் கைமாறும்போது ஊழியரைப் பாதுகாக்கும் 2006ஆம் ஆண்டு டியூப்பி (TUPE) விதிகளின்படி, அந்தக் கட்டடத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட ஊழியர்கள் பழைய சம்பளத்தோடும் நிபந்தனைகளோடும் புதிய நிறுவனத்துக்கு மாறுவார்கள்.

கேரர், கிழக்கு லண்டன்:

அக்கா, எங்கள் கட்டடத்தில் இப்படி மாறியபோது நான் அதே மாடியில் அதே ஆட்களுக்குத்தான் வேலை செய்தேன். சீருடையும் மேலாளரும் மாறினார்கள். ஆனால் கைமாறுவதற்கு முந்திய மாதங்களில், என்ன ஆகுமோ என்று சிலர் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளையிடம் இப்போதே கதையுங்கள். புதிய மேலாளர் ரோட்டாவை, அதாவது யார் எப்போது வருவது என்ற அட்டவணையை, புதிதாகப் போடுவார். ஏழு மணிக்கு எழுப்பிய ஆளைப் பத்து மணிக்கு எழுப்புவார்கள். சர்க்கரை வியாதிக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை. முதல் சில வாரம் மருந்துப் பதிவேட்டை நீங்களே பாருங்கள்.

வட லண்டன் மகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் சொன்னேன், கொஞ்சம் ஆறுதல் அடைந்தார். இன்னொன்று: பராமரிப்புக்கான பணத்தைக் கவுன்சில் நம்மிடமே தரும் நேரடிக் கொடுப்பனவை வாங்கி அந்தப் பிள்ளையை நாமே வைத்துக்கொள்ள முடியுமா? அம்மா கட்டும் தொகை கூடுமா?

முன்னாள் ஒப்பந்த அலுவலர்:

கேட்கலாம். ஆனால் அவரை நேரடியாக அமர்த்தினால் நீங்கள் முதலாளி ஆகிறீர்கள்: சம்பளச் சீட்டு, விடுமுறைச் சம்பளம், ஓய்வூதியப் பொறுப்பு, அவர் நோயில் படுத்தால் மாற்று ஆள் என எல்லாம் உங்கள் தலையில். கட்டடத்தின் 24 மணிநேர சேவைக்கான கட்டணமும் அநேகமாகத் தொடரும். டியூப்பியில் அவர் நீடிப்பாரா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கட்டணம் அம்மாவின் வருமானத்தையும் சேமிப்பையும் பொறுத்தது. இங்கிலாந்தில் சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவருடையது. அப்படியானால் புதிய மணிநேர விலை அவரைத் தொடும். அதற்குக் கீழே என்றால், நிறுவனம் மாறியதற்காக மட்டும் அவர் பங்கு பொதுவாக அதிகரிக்காது. நிதி மதிப்பீட்டுக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பராமரிப்புத் தேவைப்படும் முதியவர்களுக்கு அரசு தரும் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகையை இன்னும் வாங்கவில்லை என்றால் உடனே விண்ணப்பியுங்கள். அதற்குச் சேமிப்புக் கணக்குப் பார்ப்பதில்லை.