லோகாகட் பாறைச்சுவரில் கண்ட இளஞ்சிவப்புப் பூ எது?

செம்பூர்வாசி:
ஆகஸ்ட் மாதம் மகாராஷ்டிரத்தில் லோணாவ்ளா அருகிலுள்ள லோகாகட் கோட்டைக்கு ஏறியபோது, நீர் கசியும் கரும்பாறைச் சுவரில், மண்ணென்று சொல்ல ஏதுமில்லாத வெடிப்புகளில், ஒரு சாண் உயரம்கூட இல்லாத செடிகள் பூத்திருந்தன. பூ வெளிர் இளஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள் கொத்து, இலை நீர்ப்பற்றுள்ளது. கோடையில் அங்கே வெறும் பாறைதான் இருந்தது என்பதால், ஓராண்டுச் செடி என்று கருதலாமா? தொலைவிலிருந்து எடுத்த படத்தை இணைத்துள்ளேன்.

மாட்டுங்கா மலையேறி:
காட்டுக் காசித்தும்பை வகையான இம்பேஷன்ஸ் அகௌலிஸாக இருக்கலாம். அதுவும் ஈரப்பாறையில் இதே நிறத்தில்தான் பூக்கும். பூவின் பின்புறம் நீண்டு வளைந்த வால் இருந்ததா என்று பாருங்கள்.

தாவரவியல் ஆசிரியை, முலுண்ட்:
படத்தில் வால் தெரியவில்லை. மேலும் காசித்தும்பையில் இப்படி மஞ்சள் கொத்து துருத்திக்கொண்டு நிற்காது. இது பிகோனியா கிரெனேட்டா என்றே கருதுகிறேன். நிறத்தை நம்பாமல் இலையடியைப் பாருங்கள்: நடுநரம்பின் ஒரு பக்கம் பெருத்தும் மறுபக்கம் சிறுத்தும் கோணலாக இருந்தால், பிகோனியா குடும்பம் என்பதில் பெரிதாக ஐயம் வேண்டாம். ஒரே செடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே இருக்கும்; ஆண்பூவில் இரண்டு இதழ்கள் பெரிதாகவும் இரண்டு சிறிதாகவும் அமைய, பெண்பூவின் பின்னால் மூன்று இறக்கைகளுள்ள சூலகம் (பின்னர் காயாகும் பகுதி) தெரியும். பெண்பூவில் பூச்சிக்குத் தேனும் இல்லை, மகரந்தமும் இல்லை. மகரந்தத்தை ஏற்கும் நுனியான அதன் மஞ்சள் சூல்முடி ஆண்பூவின் மகரந்தக் கொத்தைப் போலத் தோன்றுவதால்தான் பூச்சி ஏமாந்து வந்து உட்காருகிறது. பூக்களின் உலகத்தில் இத்தகைய மோசடி அரிதன்று என்றாலும், எனக்கு இன்னும் வியப்புதான்.

ஓராண்டுச் செடி அன்று. மழை ஓய்ந்ததும் தண்டும் இலையும் வாடி மறைய, வெடிப்புக்குள் இருக்கும் சிறு கிழங்கு கோடையைக் கடத்திவிட்டு, அடுத்த பருவமழைக்கு மீண்டும் துளிர்க்கிறது. சஹ்யாத்ரி எனப்படும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் கோடையில் காணாமற்போகும் பல்லாண்டுச் செடிகள் பல உண்டு.

செம்பூர்வாசி:
மிக்க நன்றி அம்மா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலையடி கோணலாகவே இருக்கிறது. ஒரு கிழங்கை எடுத்து வந்து பால்கனித் தொட்டியில் வைக்கலாமா?

தாவரவியல் ஆசிரியை, முலுண்ட்:
வேண்டாம். வெடிப்பிலிருந்து பிடுங்கினால் பெரும்பாலும் தண்டு ஒடிந்து கையோடு வரும். தொட்டிக்கு நாற்றுப்பண்ணைப் பிகோனியாவே போதும். செப்டம்பரில் மறுபடி சென்றால், காயை அருகிலிருந்து படமெடுத்து இங்கே இடுங்கள். மூன்று இறக்கைகளும் தெளிவாகத் தெரிந்தால் பிகோனியா என்பது உறுதியாகிவிடும்.